கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகராது

கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகராது. இதை எந்தக் காகிதத்தில் வேண்டுமானாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன். ஏழு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறேன். ஒவ்வொரு மாடிக் கதவிலும் உள்ளங்கை அளவில் ஒரு பூட்டு உண்டு. அது சரியாக விழுந்தால்தான் உச்சியில் இருக்கிற மோட்டாருக்கு உயிர் வரும். ஏதாவது ஒரு மாடியில் கதவு விரல் அகலம் திறந்திருந்தாலும் மொத்த லிஃப்டும் அசையாமல் நிற்கும். அப்படியிருக்க, ஊரே கொண்டாடுகிற ஒரு நாவலின் இருபத்திரண்டாம் அத்தியாயத்தில், கதவு ஆவென்று திறந்திருக்க, ‘விண்வெளியின் சினத்தால்’ ஒரு லிஃப்ட் தானாகப் புறப்பட்டு, என் உயிருக்கு உயிரானவளை நசுக்கிக் கொன்றது என்று எழுதியிருந்தால் எனக்கு எப்படி இருக்கும்? புத்தகத்தைச் சுவரில் விட்டெறிந்தேன். பிறகு போய் எடுத்துத் தூசி தட்டி மிச்சத்தையும் படித்தேன்.

அந்த நாவலுக்கு அட்டையில் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. நாங்கள் ‘கப்பல்’ என்றுதான் சொல்வோம். இருநூறு பேர் ஒரு விண்கப்பலில் ஏறி வேறொரு கிரகத்துக்குக் குடிபோகிற கதை, நாற்பத்தொரு அத்தியாயம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கையில் பார்க்கலாம், முடிவெட்டுகிற கடையில் பார்க்கலாம். அதில் பழுது பார்க்கிற பெண்ணின் பெயர் திருகாணி. கேப்டனையே “வெளிச்சத்தை மறைக்காதய்யா, தள்ளி நில்லு” என்று அதட்டுகிறவள். நான் படித்த எந்தக் கதையிலும் என்னைப்போல் நகக்கண்ணில் கிரீஸோடு ஒரு பெண் வந்ததில்லை. அவளைப் போய்க் கொன்றார்கள்.

புத்தகத்தை எனக்குக் கொடுத்தவர் மாமா, அக்காவின் வீட்டுக்காரர். அவரும் லிஃப்ட் மெக்கானிக்தான். நானும் அவரும் ஜோடியாக வேலை பார்த்தோம். இப்போது அவர் அதே கம்பெனியில் ஸ்டோர் கவுண்டரில் உட்கார்ந்து போல்ட்டும் பெல்ட்டும் எடுத்துக் கொடுக்கிறார். ‘கப்ப’லைப் பதினோரு தடவை படித்திருக்கிறார். மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், பக்கவாட்டு அறை என்னுடையது.

மாமாவைப் பற்றி இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். காலையில் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மறுபடி தெருமுனை, மறுபடி பூட்டு. தினமும் மூன்று தடவை. வலது கால் லேசாக விந்தும், அந்தக் காலோடு. “அந்தப் பூட்டுக்கே சலிச்சுப் போச்சுங்க, விடுங்க” என்பாள் அக்கா. அவரும் சிரிப்பார். “என்னை நானே நம்பறதில்லைடி, நீ என்ன பண்ணுவே” என்பார்.

ஐந்து வருஷத்துக்கு முன்பு அவர் அப்படி இல்லை. ஒரு ஆறு மாடிக் கட்டடத்தில் வேலை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டே லிஃப்டை ஓட்டிச் சோதிக்க வேண்டுமானால், மேலே மோட்டார் அறையில் ஒரு சிவப்பு வயரை மாட்டி அந்தப் பூட்டுகளை ஏமாற்றுவோம். வேலை முடிந்ததும் முதல் காரியமாக வயரை உருவிவிட வேண்டும். காலையில் மாமா ஒரு வயர் மாட்டினார், உருவியும் விட்டார். சாப்பாட்டுக்குச் சற்று முன்பு நான் மேலே போய் ஒரு சந்தேகத்தைப் பார்ப்பதற்காக என் வயரை மாட்டினேன். பசி. மறந்துவிட்டு இறங்கினேன். சாப்பிட்டுவிட்டு வந்து மாமா இரண்டாம் மாடிக் கதவைத் திறந்து காலை உள்ளே வைத்தார், யாரோ மேலே பட்டனை அழுத்தினார்கள், லிஃப்ட் நகர்ந்தது. இரண்டு விரல்கள் போயின.

விசாரிக்க வந்த அதிகாரி என்னைக் கேட்டார். “நான் மேலேயே போகலை” என்றேன். எல்லா வயரும் ஒரே மாதிரி சிவப்பு. மாமா யோசித்துப் பார்த்துவிட்டு, “அப்போ நான்தான் எடுக்க மறந்திருக்கேன்” என்று எழுதிக் கொடுத்தார். மறுமாதம் ஸ்டோருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். இது அக்காவுக்குத் தெரியாது, மாமாவுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். தினமும் காலையில் மூன்று தடவை தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லாம் ஆரம்பித்தது ஒரு பேக்கரியில்.

அங்கே கல்லாவுக்குப் பின்னால் ‘கப்ப’லின் ஒன்பதாம் அத்தியாயத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து ஒட்டியிருந்தார் பேக்கரிக்காரர். காற்றே இல்லாத அறையில் ரொட்டி பூப்போல உப்பி வருகிற பக்கம். கீழே கொட்டை எழுத்தில், “இதை எழுதியவருக்கு இந்தக் கடையில் ரொட்டி கிடையாது.” அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், “பதினோரு நிமிஷம் இதயம் நின்றவன் எழுந்து உட்கார்ந்து ஜோக் அடிக்கமாட்டான், அத்தியாயம் 17. இப்படிக்கு, ஒரு நர்ஸ்.” அதற்கும் கீழே, “மூன்றாம் அத்தியாயத்தில் ஆறு மாதம் ஆகிற தூரத்துக்கு, பதினான்காம் அத்தியாயத்தில் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் போய்விட்டு வருகிறார்கள். இப்படிக்கு, பஸ் டெப்போ, கால அட்டவணைப் பிரிவு.” எனக்குக் கை பரபரத்தது. பேனாவைப் பிடுங்கி, “கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகராது!!!” என்று மூன்று ஆச்சரியக்குறி போட்டு எழுதிவிட்டுத்தான் பன்னே வாங்கினேன்.

ஒரு மாதத்தில் சுவர் நிரம்பிவிட்டது. பேக்கரிக்காரர் முதலில் எழுதிய எங்கள் மூன்று பேரையும் ஒரு ஞாயிறு மூன்று மணிக்கு மாடிக்கு வரச் சொன்னார். மாமாவையும் இழுத்துக்கொண்டு போனேன். மாவு மூட்டைகளுக்கு நடுவே ஒரு நீண்ட மேஜை. யாரும் பேர்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. சிஸ்டர், டைம்டேபிள், பேக்கரி, லிஃப்ட், ஸ்டோர். அன்றைக்கு வைத்ததே இன்றுவரை நிலைத்துவிட்டது.

“பதிப்பாளருக்கு எழுதினேன்” என்றார் டைம்டேபிள். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் மூன்று நிறப் பேனா. “நாப்பத்தேழு பிழை, பக்க எண்ணோட. அச்சடிச்ச கார்டு ஒண்ணு வந்துது. வாசகர் அன்புக்கு நன்றியாம்.”

“அன்பா? நாம அன்பாவா எழுதினோம்?” என்றார் சிஸ்டர்.

“அவங்க திருத்தலைன்னா என்ன?” என்று பேக்கரிக்காரர் மேஜையைத் தட்டினார், மாவு பறந்தது. “நாமளே திருத்துவோம். முழு புத்தகத்தையும். விக்கறதுக்கு இல்ல, காட்டறதுக்கு இல்ல. நம்ம அஞ்சு பேர் நிம்மதியா தூங்கறதுக்கு.”

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வீடு திரும்புகிற வழியெல்லாம் மாமாவிடம் தொணதொணத்துக்கொண்டே வந்தேன். திருகாணியைக் காப்பாற்றிவிடலாம்! ஒரே ஒரு பூட்டைச் சரியாக எழுதினால் போதும், அவள் பிழைத்துக்கொள்வாள்!

மூன்று சட்டங்கள் போட்டுக்கொண்டோம். ஒன்று, அவரவர் தொழிலில் தெரிந்ததை மட்டும் திருத்த வேண்டும். பிழையைத் திருத்தலாம், பிடிக்காததைத் தொடக்கூடாது. இரண்டு, பிழை என்று வாயால் சொன்னால் போதாது, மேஜையில் காட்ட வேண்டும். மூன்று, எழுதியவர் தன் அத்தியாயத்தைத் தானே படிக்கக்கூடாது, இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் உரக்கப் படிக்க வேண்டும். எழுதினவர் படித்தால் குரலை ஏற்றி இறக்கி ஓட்டையை அடைத்துவிடுவார் என்பது சிஸ்டரின் வாதம். என் இடப்பக்கம் எப்போதும் மாமா. சட்டம் இல்லாமலேயே அவர் செய்த வேலை, எழுதிய தாள்களுக்கு எண் போட்டு அடுக்கி, எண்ணி, மறுபடி எண்ணி, கயிறு கட்டிப் பத்திரப்படுத்துவது.

அந்த நாலு மாதம் போல் ஒரு காலம் எனக்கு வாய்த்ததே இல்லை. திங்கட்கிழமையே ஞாயிற்றுக்கிழமைக்காக மனசு துள்ளும். பேக்கரிக்காரர் ஒரு கண்ணாடி ஜாடியில் மாவு உருண்டையைப் போட்டு, பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சினார். மாவு பூதம் மாதிரி உப்பியது. ஐயோ, எழுத்தாளர் ஜெயித்துவிட்டாரே என்று வாயைப் பிளந்தோம். அடுத்த நிமிஷம் செருப்பால் மிதித்தது போல் பொத்தென்று அமுங்கிவிட்டது. ஐந்து பேரும் எழுந்து நின்று கைதட்டினோம். சிஸ்டர், டைம்டேபிளை மேஜைமேல் மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சை எங்கே எவ்வளவு அழுத்த வேண்டும் என்று காட்டினார். “இப்படி அழுத்தினா விலா எலும்பு வலிக்கும். எழுந்ததும் ஜோக் வராது, கெட்ட வார்த்தைதான் வரும்” என்றார். டைம்டேபிள் அதற்குப் பிறகு ஒரு வாரம் அடிக்கடி தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பங்குக்குக் கொண்டுவந்தது கப்பலின் கால அட்டவணை. மேஜை நீளம் போதாமல் மூட்டைகள்மேல் வழிந்து மாடிப்படியில் இரண்டு படி இறங்கியது. பாதியில் எரிபொருள் போட எட்டு நிமிஷம் நிறுத்தம்கூடக் குறித்திருந்தார்.

நான் ஒரு பழைய கதவுப் பூட்டைத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். ஒரு பாட்டரி, ஒரு சின்ன மோட்டார். பூட்டு விழுந்தால் மோட்டார் சுற்றும், ஒரு காகித அகலம் விலகினால் நிற்கும். விழ வைத்தேன், விலக்கினேன், விழ வைத்தேன், விலக்கினேன்.

“பாத்தீங்களா? சினமாவது மண்ணாவது. நகரவே நகராது. திருகாணி சாகலை!”

எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். மாமா மட்டும் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாராவது மறந்தா நகரும்” என்றார்.

“அப்படி யாரும் மறந்ததா புத்தகத்துல இல்லையே, மாமா” என்றேன், கொஞ்சம் வேகமாகவே.

“இல்லதான்” என்று சொல்லிவிட்டுத் தாளுக்கு எண் போட்டார். என் காது மடல் சுட்டது. ஆனாலும் அன்று நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஏன் பொய் சொல்ல வேண்டும்?

எல்லாவற்றையும் திருத்தி முடித்து, நல்ல கையெழுத்தில் படியெடுத்து, அக்காவிடம் கொடுத்தோம். அவள்தான் ‘கப்ப’லைப் படிக்காத ஒரே ஆள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களை நாள் முழுக்க எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்தும் எழுத்தைப் பார்க்க அவளால் முடியாது. எங்களுக்காக ஒரு ஞாயிறு பேக்கரி மாடியில் உட்கார்ந்து படித்தாள். நாங்கள் ஐந்து பேரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவர்கள் போல் அவள் முகத்தையே பார்த்தோம். ஒன்றரை மணி நேரத்தில் கடைசித் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

“அவ்வளவுதானா?”

“எப்படி இருக்கு?” என்றார் டைம்டேபிள்.

“ஏறினாங்க. காத்து கசிஞ்சுது, மணி அடிச்சுது, அடைச்சுட்டாங்க. ரொட்டி நல்லா வந்துது. லிஃப்ட் ஒழுங்கா ஓடுச்சு. சரியான நேரத்துக்குப் போய் இறங்கிட்டாங்க.” அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். “நல்லதுதான். ஆனா கதை எங்க?”

மாமா தாள்களை வாங்கி எண்ணினார். நாற்பத்தொரு அத்தியாயம் எட்டு அத்தியாயமாகச் சுருங்கியிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு பிழையாகக் குதூகலமாகக் களைந்தோமே தவிர, எல்லாவற்றையும் சேர்த்து ஒருவரும் ஒரு தடவையாவது படித்துப் பார்க்கவில்லை. பிழையோடு கஷ்டமும் போய்விட்டது, கஷ்டத்தோடு கதையும் போய்விட்டது. தொழில் தெரிந்தவர்கள் ஐந்து பேர் கூடி, ஒரு விபத்தும் இல்லாத, கடிகாரம் போல் ஓடுகிற ஒரு கப்பலைச் செய்து வைத்திருந்தோம். அதில் யார் ஏறுவார்கள்? சிஸ்டருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டோம். பேக்கரிக்காரருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

“சிரிச்சது போதும்” என்றாள் அக்கா. “நான் ஒண்ணு கேக்கறேன். உங்க வேலையில எல்லாம் ஒரு தப்பும் நடக்கறதே இல்லையா?”

பேக்கரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நடக்கும்” என்றார் சிஸ்டர், மெதுவாக. “எட்டாம் கட்டிலுக்குப் போட வேண்டிய ஊசியை ஒன்பதாம் கட்டிலுக்குக் கொண்டுபோயிட்டேன் ஒரு தரம். ரெண்டு பேருக்கும் ஒரே தலைமுடி. ஊசி உள்ள போறதுக்கு ஒரு நொடி முன்னாடி அந்த ஆள், ‘எனக்கு நேத்தே நிறுத்தியாச்சே’ன்னார். அன்னிக்கு ராத்திரி சாப்பாடு இறங்கலை.”

டைம்டேபிள் நெளிந்தார். “நான் ஒரு வரியை விட்டுட்டேன். அட்டவணையில ஒரே ஒரு வரி. கடைசி பஸ் டெப்போவுக்குப் போயிடுச்சு. அறுபத்து மூணு பேர் மழையில நின்னாங்க.”

“உப்பை ரெண்டு தரம் போட்டிருக்கேன்” என்றார் பேக்கரிக்காரர். “கல்யாண ஆர்டர்.”

“இதான்!” நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். “கப்பல் கெட்டதாலயா கதை? ஆளுங்க மறக்கறதாலதான்! அவர் போட்ட பொய்க் கஷ்டத்தை எடுத்துட்டோம் இல்ல, அங்க நெஜக் கஷ்டத்தை வைப்போம்! நமக்கு நடந்ததை!”

மேஜையே கொந்தளித்தது. ஆளாளுக்கு ஒரே சமயத்தில் பேசினோம். கேப்டனுக்குப் போக வேண்டிய ஊசி சமையல்காரனுக்குப் போனால்? அட்டவணையில் விட்டுப்போன ஒரு வரியால் அறுபத்து மூன்று பேர் நடுவழி நிலையத்தில் நின்றுபோனால்? நாலாவது சட்டம் அப்போதே பிறந்தது: எடுத்த ஒவ்வொரு பொய்த் துன்பத்துக்கும் பதிலாக, சொந்தக் கண்ணால் கண்ட ஒரு துன்பம். அத்தியாயங்களைப் பங்கு போட்டோம். எட்டு, பதினைந்தானது. பதினைந்து, முப்பதானது. இருபத்திரண்டு என்று வந்ததும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

“நீதான் எழுதணும் சின்னவளே, லிஃப்ட் உன்னோடது” என்றார் மாமா. காலை நீட்டிக்கொண்டு சிரித்தார். “வேணும்னா என் கதையை எழுதிக்கோ. வயரை மறந்தவன்னு கம்பெனிக்கே தெரியும், புதுசா என்ன வெக்கம்?”

அக்கா அவர் தோளை லேசாகத் தட்டினாள். நான் குனிந்து என் தாளில் ‘22’ என்று எழுதினேன்.

அந்த வாரம் இருபத்திரண்டை ஆறு தடவை எழுதினேன். முதல் ஐந்தில் வயரை மறந்தவர் ஒரு வயதான மெக்கானிக். ஐந்தையும் கிழித்தேன். சொந்தக் கண்ணால் கண்டதை எழுது என்று குதித்தவளே நான்தான், மேஜையில் வைத்துப் பொய்யைக் காட்டுவதற்கு எனக்குக் கை வரவில்லை. ஒவ்வொரு காலையும் தெருமுனையில் நின்று, மாமா விந்தி விந்தித் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை ஆறாவதை ஒரே மூச்சில் எழுதினேன். அதில் திருகாணிக்கு ஒரு கூட்டாளி வந்தாள், இளையவள். சாப்பாட்டுக்கு முன்பு மேலே போனாள், சிவப்பு வயரை மாட்டினாள், பசியில் மறந்தாள். லிஃப்ட் நகர்ந்தது, திருகாணி செத்தாள். கேப்டன் கேட்டபோது இளையவள் சொன்னாள்: “நான் மேலேயே போகலை.” ஐந்து வருஷம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்தபோதுதான் கவனித்தேன், நான் காப்பாற்றக் கிளம்பியவளை நானே கொன்றிருந்தேன்.

ஞாயிறு. என் இடப்பக்கம் மாமா. சட்டப்படி அவர்தான் படிக்க வேண்டும், அது தெரிந்துதான் எழுதினேன். நேருக்கு நேர் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அதுதான் உண்மை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நல்ல குரலில் ஆரம்பித்தார். வயர் வந்த இடத்தில் தலையாட்டிக்கொண்டார். இளையவள் மேலே போன இடத்தில் கொஞ்சம் நிதானித்தார். பிறகு, “நான் மேலேயே போகலை” என்று படித்தார்.

நின்றுவிட்டார்.

அந்த வரியை இன்னொரு தடவை படித்தார், உரக்க இல்லை, உதட்டசைவில். அக்கா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். மற்ற மூன்று பேருக்கும் எதுவும் புரியவில்லை. மாமா மிச்சத்தைக் கடைசி வரிவரை அதே குரலில் படித்து முடித்தார். கண்ணாடியைக் கழற்றினார். டைம்டேபிளிடம் சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

“இதுல திருத்தம் இருக்கு. எடுத்துட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். “நீயா?”

“ஆமா” என்றேன்.

அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது. அவள் அடிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனாள். மூன்று பேரிடமும் நான் எல்லாவற்றையும் சொன்னேன். சிஸ்டர் மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார், நாடி பார்க்கிறவர் போல.

அந்த வாரம் வீட்டில் மூன்று பேர் இருந்தோம், மூன்று பேரும் பேசவில்லை. வியாழக்கிழமை அவர் அறை வாசலில் போய் நின்றேன்.

“மாமா, ஆபீசுக்கு லெட்டர் எழுதிட்டேன். வயர் என்னோடதுன்னு. திங்கட்கிழமை குடுக்கறேன். வேலை போனாலும் பரவாயில்லை.”

அவர் தாளில் சிவப்பாக ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. “காலையில மாட்டின என் வயரை நான் எடுத்தேனா?” என்று கேட்டார்.

“எடுத்தீங்க. உங்க பையில சுருட்டி வெச்சீங்க. நான் பாத்தேன்.”

பேனா நின்றது. “எடுத்தேன்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “எனக்கு அப்பவே எடுத்த ஞாபகம் இருந்துது. பையில வெச்ச ஞாபகம்கூட இருந்துது. நீ மேல போகலைன்னு சொன்னியேன்னு, அதெல்லாம் என் பிரமைன்னு நினைச்சுட்டேன்.” பேனாவை மறுபடி தாளில் வைத்து, “போ, எனக்கு வேலை இருக்கு” என்றார். என் அறைக்குப் போய் வாய்விட்டு அழுதேன்.

அடுத்த ஞாயிறு அவர் வருவாரா என்று யாருக்கும் தெரியாது. மூன்று அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது படியில் அந்த விந்தல் சத்தம் கேட்டது. பின்னாலேயே அக்கா. மாமா நேராக வந்து என் இடப்பக்கம் உட்கார்ந்தார். இருபத்திரண்டாம் அத்தியாயத்தை மேஜையில் வைத்தார். கடைசிப் பக்கம் முழுக்கச் சிவப்பு.

“ஒரு பிழை கண்டுபிடிச்சேன்” என்றார். “லிஃப்ட் இப்படி ஒரு சாண் நகர்ந்து கால் சிக்கினா, ஆள் செத்துட்டதா எழுதியிருக்கு. தப்பு. ஆள் சாகறதில்ல.”

“மேஜையில காட்டணும், ஸ்டோர்” என்றார் டைம்டேபிள், பழக்கதோஷத்தில். சிஸ்டர் அவரைக் காலால் உதைத்தார்.

“காட்டத்தானே வந்திருக்கேன்.” மாமா குனிந்தார். வலது காலின் ஷூவைக் கழற்றினார். சாக்ஸைக் கழற்றினார். காலைத் தூக்கி மேஜை நடுவில் வைத்தார். மூன்று விரல்கள், பக்கத்தில் பளபளப்பான தழும்பு. ஐந்து வருஷத்தில் நான் அதை நேராகப் பார்த்ததே இல்லை.

“ஐயோ, அது ரொட்டி வைக்கிற மேஜை!” என்று அலறினார் பேக்கரிக்காரர்.

மாமாதான் முதலில் சிரித்தார், மேஜை ஆடுகிற மாதிரி. அக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். சிஸ்டர் கால் பக்கம் குனிந்து தழும்பைத் தொட்டுப் பார்த்து, “ஆதாரம் சரியா இருக்கு. ரெண்டு விரல் போகும், உயிர் போகாது. மருத்துவப் பிரிவு ஒப்புக்கொள்கிறது” என்று தீர்ப்புச் சொன்னார்.

“அப்போ திருகாணி...” என்றேன். குரல் கிறீச்சிட்டது.

“பிழைச்சா. விந்தி விந்தி நடப்பா. கேப்டனை அதட்டறது ரெண்டு மடங்காகும்.” மாமா காலை இறக்கிக்கொண்டார். “இருபத்து மூணுலேருந்து எல்லாத்தையும் மாத்தி எழுதணும். என்ன பாக்கறீங்க, பேனாவை எடுங்க.”

எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போல் இருந்தது, முகத்தை மூடிக்கொள்ளவும் வேண்டும் போல் இருந்தது. தாளைப் பார்த்தேன். இளையவள் ஐந்து வருஷம் வாய் திறக்காத பத்தியின் ஓரத்தில் சிவப்பில் ஒரு கோடு, அந்தக் கோடும் பிறகு அடிக்கப்பட்டிருந்தது.

“இது என்ன, மாமா?”

“அதுவா?” அவர் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. ஆனால் என் கண்ணைப் பார்த்தே சொன்னார். “அவ அஞ்சு வருஷம் சும்மா இருந்தா பாரு, அது எனக்குப் பிடிக்கலை. ரொம்பவே பிடிக்கலை. ஆனா பிழை இல்லையே, நடந்ததுதானே. பிடிக்காததைத் தொடக்கூடாதுன்னு சட்டம். அதனால விட்டுட்டேன்.”

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். “எழுது, எழுது” என்று தாள் கட்டை என் பக்கம் தள்ளினார். அன்று ஆறு மணிவரை கத்திக் கத்தி எழுதினோம். அந்தக் கால் வராத அத்தியாயமே இனி கிடையாது போல, இருபத்து மூன்றிலிருந்து கடைசிவரை திருகாணி விந்தி விந்திக் கப்பலையே ஒரு கை பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை மூன்று பேரும் சேர்ந்து கிளம்பினோம். என் பையில் அந்த லெட்டர். “அந்த ரிப்போர்ட்ல என் கையெழுத்தும்தான் இருக்கு, நானும் கூட வரேன்” என்று மாமா சொல்லியிருந்தார். வேலை இருக்குமா போகுமா, எதுவும் தெரியாது. பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் நெஞ்சு லேசாக இருந்தது.

மாமா பூட்டினார். சாவியைப் பையில் போட்டார். நடந்தார்.

தெருமுனை வந்ததும் பழக்கத்தில் நானும் அக்காவும் நின்றுவிட்டோம், அவர் திரும்பிப் போவதற்காக. அவர் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விட்டார்.

“ஏங்க, பூட்டினீங்களா?” என்று அக்காவே கத்தினாள்.

“பூட்டினேன்” என்றார், திரும்பிப் பார்க்காமலேயே. “சீக்கிரம் வாங்க, பஸ் வருது.”